காற்று கட்டிய கரண்ட் பில்

ஓடந்துறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி ஊட்டிச் சாலையில் போகும்போது, மலை ஏறுவதற்கு முன்பே வந்துவிடுகிற ஊராட்சி அது. தெருவிளக்கு எரியாத ஊர் இன்று ஏது? ஆனால் தன் தெருவிளக்குக்கான மின்சாரத்தைத் தானே தயாரிக்க, பஞ்சாயத்துப் பேரிலேயே ஒரு காற்றாலையை வாங்கி நிறுத்திய ஊர் எத்தனை இருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருக்களில் நடந்தபோது ஒவ்வொரு போஸ்டையும் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

1996இல் ஊராட்சித் தலைவரான சண்முகம் பத்தாண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். குடிநீருக்கு மோட்டார், தெருவுக்கு விளக்கு என்று வசதி பெருகப் பெருகக் கரண்ட் பில்லும் ஏறியது. பணமில்லை என்று விளக்கை அணைத்துவிடவில்லை அவர். வேறு வழி தேடினார். முதலில் இரண்டு குக்கிராமங்களில் சோலார் தெருவிளக்கு. பிறகு 2003இல், மரக்கழிவை எரிவாயுவாக்கி அதில் தண்ணீர் மோட்டாரை ஓட்டும் 9 கிலோவாட் இயந்திரம். மரக்கடைகள் நிறைந்த வட்டாரத்தில் அதற்கு எரிபொருள் கிடைப்பது பெரிய காரியமா!

இந்த இரண்டையும் செய்து பார்த்த துணிச்சலில்தான் 2006இல் அந்தப் பெரிய அடி. 350 கிலோவாட் காற்றாலை, விலை 1.55 கோடி ரூபாய். பஞ்சாயத்தின் சேமிப்பிலிருந்து 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஒரு கிராமப் பஞ்சாயத்து வங்கிப் படியேறி ஒரு கோடிக்கு மேல் கடன் கேட்டதை நினைத்தாலே எனக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம், “காத்தாடி எந்தப் பக்கம்ங்கய்யா?” என்று கேட்டேன்.

“இங்க ஏதுங்க? அது உடுமலப் பக்கம், மைவாடில சுத்துதுங்க. அங்க சுத்துனா இங்க பில்லு கொறையுதுங்க” என்றார்.

முழுத் திட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார்! நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் விட்டுக் கொடுத்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கியடித்துப் புகுந்து, உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் சீறிக்கொண்டு வெளியே வரும். காற்றாலைக்கு இடம் அதுதான். ஓடந்துறையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். இருந்தால் என்ன? மைவாடியில் தயாராகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் ஏற்றிவிட்டால், அந்த யூனிட்டுகளை ஓடந்துறையின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். தனிக் கம்பி வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

பேட்டரி வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். போஸ்டுக்கு ஒரு பலகை, ஒரு பேட்டரி என்று மாட்டும் சோலார் விளக்கு, மின்கம்பி எட்டாத மலைக் கிராமத்துக்கு வரம். ஆனால் பேட்டரிக்குச் சில வருடங்கள்தான் ஆயுள். பலகையில் படியும் தூசியை யாராவது போஸ்டுக்குப் போஸ்ட் ஏறித் துடைக்க வேண்டும். கம்பி ஏற்கனவே ஓடுகிற ஊருக்கும் நகரத்துக்கும் ஓடந்துறை வழிதான் சரி என்பது என் தீர்மானம்.

கணக்கும் அழகு. ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் வரை கிடைக்கும், ஊருக்குத் தேவை 4.5 லட்சம் யூனிட் என்று கணித்தார்கள். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை, அந்த வருமானம் கடனுக்கு. நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் காற்றாலை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றினால் 350 யூனிட். ஒரு 40 வாட் எல்.இ.டி. விளக்கு இரவில் 12 மணி நேரம் எரிய அரை யூனிட்கூட ஆகாது. அப்படியென்றால் ஒரே ஒரு மணி நேரக் காற்றில் 700 விளக்குகள் விடிய விடிய எரியும்! ஒரு கிராமத்துக்கு ஒரு காற்றாலை இவ்வளவு செய்யுமென்றால், பல்லாயிரம் போஸ்ட் வைத்திருக்கும் மாநகராட்சிகள் பத்து வாங்கினால் என்ன என்று மனம் எங்கெங்கோ ஓடுகிறது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆடி மாதத்தில் கிளம்புங்கள். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் போனால் சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் வரிசை வரிசையாக வரும். பெரிய ஆலைகளுக்கும் மில்களுக்கும் மின்சாரம் கொடுக்கிற அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பஞ்சாயத்தும் சமமாக இடம் பிடித்தது. சீசன் காற்றில் பைக்கைப் பிடித்து நிறுத்துவதே கஷ்டம். அதனால் பேருந்திலேயே போங்கள், ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.