குகைக்குள்ளே யானை தெரியுதா?

போரா குகைக்குப் போய்வந்தவர்களிடம் "உள்ளே என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. சிவன்-பார்வதி, முதலை, ரிஷியின் தாடி, மனித மூளை, தாயும் குழந்தையும் என்று ஒரு பட்டியல் வரும். சுண்ணாம்புக்கல் பார்த்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில், அரக்கு போகும் வழியில் அனந்தகிரி மலைக்குள் இருக்கும் இந்தக் குகையைப் பற்றித் தமிழில் வந்த பயணக் குறிப்புகளையும் யூடியூப் வீடியோக்களையும் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ எல்லாமே இந்தப் பட்டியல்தான். கூடவே கலர் லைட், "செம கூலிங்", வெளியே மூங்கில் சிக்கன்.

நந்தியால் பக்கம் இருக்கும் பேலம் குகையும் இப்படித்தான். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம் உள்ள குகையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான் பொதுமக்களுக்கு. அதற்குள் கோடிலிங்காலு, பாதாளகங்கா, சப்தஸ்வரா என்று பெயர்கள். கொடைக்கானலில் இன்னும் எளிது. 'டெவில்ஸ் கிச்சன்' என்ற பாறை இடுக்குகள் 1991-ல் ஒரு படம் வந்ததும் குணா குகை ஆகிவிட்டன, 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் கூட்டம் இன்னும் ஏறியது. எங்கள் கிள்ளைப் பக்கமும் இதே கதைதான். பிச்சாவரத்தில் படகு ஏறினால் சுரபுன்னைக்கு ஏன் வேர் சேற்றுக்கு மேலே நிற்கிறது என்பதற்கு முன்னால், 'இதயக்கனி' எங்கே எடுத்தாங்க, 'தசாவதாரம்' எங்கே எடுத்தாங்க என்ற விவரம் வந்துவிடும்.

உருவம் பார்ப்பது தப்பு இல்லை. மேகத்தில் யானை பார்க்காத குழந்தை உண்டா? என் புகார் வேறு. நம்ம சுற்றுலாக் குகைகள் இந்த ஒரே ஒரு திறமையைத்தான் பார்வையாளரிடம் கேட்கின்றன. பெயர் வைத்ததோடு பார்ப்பது முடிந்துபோகிறது. "அதோ லிங்கம்" என்று சொன்ன பிறகு அந்தக் கல்லிடம் கேட்க எதுவும் மிச்சம் இல்லை.

கேட்டால் அது என்ன சொல்லும்? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி இறங்குகிறது. குகைக்கூரையில் சொட்டும்போது வாயு வெளியேற, சுண்ணாம்பு படிகிறது. வளர்ச்சி வேகம் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கு. அதாவது தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஒவ்வொரு கல்லும் மழை எழுதிய லாக் ஃபைல். மேகாலயாவில் சிரபுஞ்சி அருகே உள்ள மாம்லூ குகையின் கல் ஒன்றில் அந்தப் பதிவைப் படித்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை கடுமையாகச் சரிந்த தடம் அதில் இருந்தது. அதை அளவுகோலாக வைத்து, நாம் இன்று வாழும் புவியியல் காலத்துக்கே 2018-ல் 'மேகாலயன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிங்கம் என்று கும்பிட்டுவிட்டு வந்தாலும் சரிதான். ஆனால் இந்தக் கதையும் கூட வந்திருந்தால் கும்பிடு இன்னும் கனமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

போராவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அந்த அனந்தகிரி வட்டாரத்தில்தான் பழங்குடி மக்களின் நிலத்தில் தனியார் சுரங்கக் குத்தகைகள் கொடுக்கப்பட்டன. 'சமதா' என்ற அமைப்பு வழக்குப் போட்டது. அட்டவணைப் பகுதியில் அரசு நிலத்தைக்கூடப் பழங்குடி அல்லாத தனியாருக்குச் சுரங்கத்துக்காகக் குத்தகை விடக் கூடாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் நில உரிமை பேசுபவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு. நான் பார்த்த ஒரு வீடியோவிலும் இது இல்லை. முதலை இருக்கிறது, ரிஷியின் தாடி இருக்கிறது, அந்த மலையின் மக்கள் இல்லை.

இப்போது இதற்கு நேர் எதிரான குகை. திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்குப் பக்கத்தில், அல்லிக்குழி மலையில் இருக்கும் குடியம். முள்காட்டுக்குள் நடந்து போகணும். போய்ச் சேர்ந்தால் லைட் இல்லை, தொங்கும் கல் இல்லை, ஓவியம்கூட இல்லை. பெரிய குடை மாதிரி ஒரு பாறை ஒதுக்கிடம், உள்ளே ஊர்மக்கள் கும்பிடும் அம்மன். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

சுவரைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்க. முழுக்கக் கூழாங்கல் பதித்த மாதிரி இருக்கும். ஆறு உருட்டிய குவார்ட்சைட் கற்கள் இறுகிப் பாறையான கூட்டுப்பாறை அது. அந்தக் குவார்ட்சைட்தான் இந்த வட்டாரத்துப் பழங்கற்கால மனிதர்கள் கைக்கோடரி செய்த மூலப்பொருள். 1863-ல் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கருவிகள் அந்த வகைக் கல்தான். இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். ஆக, குடியத்தில் பார்க்க எதுவும் இல்லை என்பது சரியில்லை. சுவரே சரக்குக் கிடங்கு. அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"உருவம் பார்க்கிறது பாமர வேலை, நிபுணர்கள் அப்படி இல்லை"ன்னு யாராவது சொன்னால் அதையும் ஏற்க முடியாது. விந்திய மலையில் இருக்கும் பீம்பேட்கா, 1957-ல் வாகண்கர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, 2003-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். 2020-ல் அங்கே சுற்றிப்பார்க்க வந்த புவியியலாளர்கள் ஒரு குகைக் கூரையில் இலை போன்ற உருவத்தைப் பார்த்தார்கள். உலகின் மிகப் பழைய விலங்குகளில் ஒன்றான டிக்கின்சோனியாவின் புதைபடிவம் என்று 2021-ல் கட்டுரையும் வந்தது. பிறகு வேறொரு குழு நேரில் போய்ப் பார்த்தால், அது உதிர்ந்துகொண்டிருந்தது. மலைத்தேனீக் கூடு விட்டுப்போன தடம்! முதலில் எழுதியவரே அதை ஒப்புக்கொண்டார்.

ஆக, வழிகாட்டிக்கு யானை தெரிகிறது, விஞ்ஞானிக்கு டிக்கின்சோனியா தெரிகிறது. வித்தியாசம் எங்கே என்றால், இரண்டாவதை இன்னொருத்தர் போய்ச் சோதிக்க முடிந்தது, தப்பென்றால் கைவிட முடிந்தது. எங்களுக்குப் பக்கமாக, விழுப்புரம்-திருக்கோவிலூர் வழியில் இருக்கும் கீழ்வாலையின் செந்நிற ஓவியங்களுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கணும். அங்கே உள்ள சில குறிகளைச் சிந்துவெளி எழுத்தோடு இணைத்துப் பேசும் போஸ்ட்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகின்றன. பார்வைக்கு ஒத்துப்போவது ஒரு கேள்வியின் தொடக்கம்தான், அதையே விடையாக்கினால் நாமும் குகைக்குள் யானை பார்த்த கதைதான்.

அப்படியென்றால் கூட்டம் எல்லா இடத்துக்கும் வரட்டுமா? அதுவும் வேண்டாம். பிரான்சின் லாஸ்கோ குகையில் தினம் நூற்றுக்கணக்கானோர் விட்ட மூச்சுக்காற்றும் வெளிச்சமும் ஓவியத்தின் மேல் பாசி படர வைத்தன. 1963-ல் மூடினார்கள்; இன்று மக்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலை. சுற்றுலாக் குகைகளில் விளக்குக்குப் பக்கத்துக் கல்லில் பச்சை படர்ந்திருந்தால், அதுவும் இந்த வகைச் சேதம்தான். கீழ்வாலை மாதிரி திறந்தவெளி ஓவியத்துக்கு ஒரு சாக்பீஸ், ஒரு வாளித் தண்ணீர் போதும்.

என் கோரிக்கை சின்னது. கலர் பல்பைக் குறைத்துவிட்டு, சொல்லத் தெரிந்த உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைக்கட்டும். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. குடியம் போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போங்க, கண் பழகிவிடும். அப்புறம் காலடியில் ஒரு கைக்கோடரி கிடந்தால் போட்டோ எடுங்க, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்க, துறைக்குச் சொல்லுங்க. ஞாபகத்துக்கு வீட்டுக்கு எடுத்து வராதீங்க. எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் கதை. உங்கள் அலமாரியில் அது வெறும் கல்.