பொலிபீமஸின் முறையீடு

கிரேக்கப் புராணங்களில் வரும் கொடிய உருவங்களுட் பெரும்பாலானவை வீரர் கையால் மடிவதற்கென்றே படைக்கப்பட்டவை. மெடூசாவின் தலையைப் பெர்சியஸ் கொய்கின்றான்; லேர்னாச் சதுப்பில் உறைந்த பலதலை நாகத்தை ஹெரக்கிளிஸ் மாய்க்கின்றான். அவற்றின் நெஞ்சில் இருந்தது யாதென எவரும் வினவுவதில்லை. ஹோமரின் ஒடிசியில், ஒன்பதாம் காண்டத்தில் வரும் ஒற்றைக் கண்ணன் பொலிபீமஸ் இவற்றின் வேறானவன். அவன் மடியவில்லை; பேசுகின்றான்; தெய்வத்திடம் முறையிடுகின்றான்; அம்முறையீடு பலிக்கவும் செய்கின்றது.

அவன் கொடியவன் என்பதில் ஐயமில்லை. குகையில் அகப்பட்டோருள் அறுவரை இருவர் இருவராகத் தின்றவன். அயலவரைக் காக்கும் சியூஸுக்கு அஞ்சேன் எனச் செருக்கியவன். ஆயினும் இக்கதையை நமக்குக் கூறுபவர் யார்? ஹோமர் தம் கூற்றாகக் கூறினாரல்லர். பீயேசியர் மன்னன் அல்கினூஸின் அவையில் ஒடிசியஸே இதனை எடுத்துரைக்கின்றான். தன்னை ஊர் சேர்க்க அவர்தம் கப்பலையே நம்பியிருந்தவன் அவன். அவ்வாறிருந்தும் தனக்கு மாறான செய்திகளை அவன் மறைத்திலன். இஸ்மாரஸ் நகரைச் சூறையாடியதை அதே காண்டத்தின் தொடக்கத்திற் சொல்கின்றான். குகைக்கு உரியவன் இல்லாதபோது உட்புகுந்து பாற்கட்டியை உண்டதையும், விரைந்து மீள்வோம் என்று தோழர் வேண்டவும் பரிசில் பெறும் ஆசையால் தான் தங்கியதையும் ஒளியாது உரைக்கின்றான். விருந்தறத்தை முதலில் மீறியவர் யார் என்னும் வினா இங்கே எழாமற் போகாது.

இக்கதையின் கட்டமைப்பு ஹோமருக்கே உரியதன்று. இதையொத்த கதைகள் பல மக்களிடையே வழங்குவதை வில்ஹெல்ம் கிரிம் 1857இல் எடுத்துக் காட்டினார். ஆதலின் புலவரின் திறனை அளக்கக் கதையினும் பேச்சையே நோக்குதல் தகும். கண்ணிழந்த பொலிபீமஸ் குகைவாயிலில் அமர்ந்து ஆடுகளின் முதுகைத் தடவி விடுகின்றான். என்றும் முன்செல்லும் கடா அன்று கடைசியாக வருகின்றது. தலைவனின் கண்ணை எண்ணித்தான் வருந்துகின்றாயோ என அதனிடம் கேட்கின்றான். அக்கடாவின் வயிற்றடியிலேயே ஒடிசியஸ் பற்றித் தொங்குகின்றான்! இதனை வெறும் நகைச்சுவை எனக் கொள்வார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மனிதரைத் தின்றவனுக்கும் அன்பு செலுத்த ஒன்று உண்டு என்பதனைப் பகைவன் வாயாலேயே சொல்விக்கின்றார் புலவர்.

சிறுவர்க்கெனச் சுருக்கிய நூல்கள் சில கப்பல் கரை நீங்கியதோடு கதையை முடித்துவிடுகின்றன. அதற்குப் பின்னரே உயிர்நிலை உள்ளது. 'யாருமிலி' என்று பெயர் கூறித் தப்பியவன், கடலில் நின்று, தோழர் தடுக்கவும் கேளாது, தன் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் உரக்கக் கூவுகின்றான். பெயரறியாதிருந்தவரை பொலிபீமஸால் எவரைக் குறித்து முறையிட முடியும்? இப்போது தந்தை பொசைடனை நோக்கிக் கை உயர்த்துகின்றான்: ஒடிசியஸ் வீடு சேரலாகாது, சேர்வது விதியாயின் நெடுங்காலம் கழித்து, தோழர் அனைவரையும் இழந்து, பிறர் கப்பலில் ஏறிச் சென்று, வீட்டிலும் துன்பமே காண்க என வேண்டுகின்றான். ஒவ்வொன்றும் அவ்வாறே நிகழ்ந்தது. வீரனின் செருக்கே பகைவனின் வேண்டுதலுக்கு வழி திறந்தது.

கரை சேர்ந்ததும் ஒடிசியஸ் அதே கடாவைச் சியூஸுக்குப் பலியிட்டான். சியூஸ் அப்பலியை ஏற்கவில்லை.