அட்டை விண்கலமும் இரவல் பெயரும்

தியாகதுருகத்தில் நாம் பாடம் நடத்தும் வகுப்பறையில், ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. "விண்வெளிக் கதை ஒன்று எழுதுங்களேன்" என்றோம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். "அதுக்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேணும் சார். வெள்ளைக்காரனால்தான் முடியும்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அறியாச் சிறுவன் தானாகச் சொன்ன சொல்லா அது? அல்ல, வெள்ளித்திரை அவனுக்குக் கற்பித்த பாடம்! பணம் உள்ளவனுக்கே வானம், இல்லாதவனுக்குத் தரை என்னும் அந்தப் பாடம் மெய்யா, பொய்யா? பார்ப்போம்.

இத்தாலி நாட்டில் ஒரு காலத்தில் விண்வெளிப் படங்கள் மலிவாக, மிக மலிவாக எடுக்கப்பட்டன. 1965-இல் மரியோ பாவா என்ற இயக்குநர், விண்கலம் ஒன்று வேற்றுக் கோளில் இறங்கும் கதையைப் படமாக்கினார். பெரிய அரங்கம் உண்டா? இல்லை. மலை உண்டா? இல்லை. முன்பு வேறொரு படத்துக்குச் செய்த செயற்கைப் பாறைகள் இரண்டே அவருக்குக் கிடைத்தன. அவற்றையே இடம் மாற்றி வைத்தார். கண்ணாடியில் எதிரொளிக்கச் செய்தார். புகையால் வெறுமையை மறைத்தார். வண்ண விளக்குகளால் அச்சமூட்டினார். இரண்டு பாறைகள் ஓர் உலகமாயின! பணப்பை மெலிந்திருந்தது, கற்பனை மெலியவில்லை.

அதே நாட்டில் 1982, 1983 ஆண்டுகளில் வேறொரு வரிசை வந்தது. அழிந்துபோன நகரம், தோலாடை அணிந்த முரடர், தகரம் பொருத்திய வண்டி, ஓயாத அடிதடி. என்சோ காஸ்டெல்லாரியின் 'புதிய காட்டுமிராண்டிகள்', செர்ஜியோ மார்ட்டினோவின் 'நியூயார்க் வீழ்ந்த பிறகு' ஆகியன இவ்வகையின. இவற்றைக் கண்டவர், "அட்டை தெரிகிறதே, தகரம் தெரிகிறதே" என்று எள்ளி நகையாடுவர். நாம் அட்டையைக் கண்டு நகைக்க மாட்டோம். ஏழை வீட்டுத் திருமணத்தில் பந்தல் சிறிதென்று பழிப்பவன் பண்பாளனா?

நாம் காணும் குறை வேறு. 1981-இல் அமெரிக்காவில் ஒரு படமும் ஆஸ்திரேலியாவில் ஒரு படமும் வெற்றி கண்டன. உடனே அவற்றின் நிழலாகவே இப்படங்கள் பிறந்தன. கதை இரவல், களம் இரவல், கதாநாயகனின் நடையும் இரவல்! அதோடு நின்றதா? பெயரும் இரவலாயிற்று. செர்ஜியோ மார்ட்டினோ, திரையில் 'மார்ட்டின் டோல்மன்' ஆனார். அவருக்கு முன்பே, 1960 முதல் விண்வெளிப் படங்கள் எடுத்த அந்தோனியோ மார்கெரித்தி, 'அந்தோனி டாசன்' ஆகியிருந்தார்.

வெளிநாட்டில் விற்பதற்காகச் செய்தார்கள் என்பர். மறுக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு எத்தனையோ வேடம் புனைகிறான் மனிதன். ஆனாலும் கேட்கிறோம்: தந்தை இட்ட பெயரைச் சொன்னால் தன் படைப்பு விலைபோகாது என்று ஒரு கலைஞன் கருதும் நிலை, வறுமைகளிலெல்லாம் கொடிய வறுமை அன்றோ? அட்டை விண்கலம் கிழிந்தால் ஒட்டலாம். தன்மானம் கிழிந்தால் எந்தப் பசை ஒட்டும்?

நிற்க. நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 'காடு' படத்தை எடுத்தனர். உலகினின்று மறைந்தொழிந்த மாமத யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடு உலவுவதாகக் கதை. நம் யானைகளுக்கே உரோமம் போர்த்தி நடக்க விட்டனர். செலவு குறைக்கும் வித்தை இத்தாலியனுக்கு மட்டுமே உரியதன்று!

1963 ஏப்ரலில் காசிலிங்கம் இயக்கத்தில் 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர்; வேற்றுலகவாசியாக நம்பியார் வந்தார். ககாரின் விண்ணில் வலம் வந்து ஈராண்டுகளே ஆகியிருந்தன. தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் எழுந்ததோ அதே ஆண்டு நவம்பர் 21-இல்தான். அதாவது, நாட்டின் ராக்கெட்டுக்கு ஏழு திங்கள் முன்னதாகவே தமிழ்த் திரை வான்வெளிக்குப் போய்விட்டது!

அதன் கருவைப் பாருங்கள். அறிவியலில் உச்சம் தொட்ட வேற்றுலகம் ஒன்று. ஆனால் அங்கே கலை இல்லை. ஆகவே இசை கற்பிக்க நம் மண்ணின் பாடகியைக் கவர்ந்து செல்கிறார்கள். பொன்னுக்கு அன்று, மண்ணுக்கு அன்று, பாட்டுக்காகப் படையெடுப்பு! இந்தக் கற்பனை எவரிடமும் கடன் வாங்கியதன்று என்று மகிழ்கிறோம்.

குறையும் கூறத்தான் வேண்டும். விண்வெளியைத் தாண்டிப் போனபின் அங்கே நாம் காண்பது யாது? ஓர் அரசன், ஓர் இளவரசி, ஓர் அரண்மனை! கோளைத் தாண்டினார்கள், அரியணையைத் தாண்ட முடியவில்லை. மன்னராட்சி மறைந்த நாட்டிலிருந்து புறப்பட்ட கலம், மன்னராட்சி நடக்கும் கோளில் போய் இறங்குகிறது. அட்டைச் சுவரை மன்னிப்போம். அட்டைச் சிந்தனையை மன்னிப்பதெங்ஙனம்?

ஆயினும் அந்த முயற்சியை மறந்தது பெரும்பிழை. 2018-இல் 'டிக் டிக் டிக்' வந்தபோது, இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தனர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தாத்தா கட்டிய வீட்டில் நின்றுகொண்டு, "இதோ முதற்கல்" என்கிறான் பேரன்!

நம்பிக்கை தருவதும் உண்டு. 2015-இல் ரவிக்குமார் தம் முதற்படமாக 'இன்று நேற்று நாளை'யைத் தந்தார். காலத்தைக் கடக்கும் எந்திரம் கிடைத்ததும் அதன் நாயகர்கள் என்ன செய்கிறார்கள்? காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துச் சோதிடம் என்று சொல்லிப் பணம் பண்ணுகிறார்கள்! அறிவியலின் கனியைப் பறித்து அதன்மீது மூடநம்பிக்கையின் முத்திரை குத்தும் நம் நாட்டு நடப்பை இதைவிட நயமாக எவர் நகையாட முடியும்? கண்ணைப் பறிக்கும் காட்சிகளை நம்பாமல், கருத்தை நம்பிய படம் அது.

இனி அந்த மாணவனுக்கு விடை கூறுவோம். தும்பாவில் தேவாலயம் ஒன்றே அலுவலகம். ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் போயின. நிலவில் இறங்கும் கலத்தைச் சோதிக்க நிலவு மண் வேண்டுமென்றபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து எடுத்துச் சென்றனர். 2023 ஆகஸ்டு 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். 2019 வரை நம் கள்ளக்குறிச்சியும் அந்த மாவட்டத்தில்தானே இருந்தது? கோடி இருந்ததால் மட்டும் நடந்தவையல்ல இவை. "நம்மால் முடியும்" என்று முதலில் ஒருவர் எண்ணியதால் நடந்தவை.

இவற்றை வகுப்பில் சொன்னோம். அடுத்த கிழமை அவன் நான்கு பக்க நாடகம் ஒன்று கொண்டு வந்தான். விண்கலம் தியாகதுருகம் கோட்டைப் பாறைமேல் இறங்குகிறது. கலத்தின் தலைவன் பெயர் ஜான்சன்! "ஏன் தம்பி, இந்தப் பெயர்?" என்றோம். தலை கவிழ்ந்தான். மறுநாள் திருத்தி வந்தான். தலைவனுக்குத் தன் பாட்டனின் பெயரை இட்டிருந்தான்.

அந்த நாடகம் ஆண்டு விழாவில் அரங்கேறும். விண்கலம் அட்டைப் பெட்டியால்தான் ஆகும். ஓட்டை தெரியும், ஒட்டுப் போட்ட இடமும் தெரியும். தெரியட்டும்! அதில் ஏறிப் போகிறவன் நம்மவன், தன் பெயரோடு போகிறான்.