நிறக்குருடு என்னும் சொல்லும் நீலகிரிப் பாலூட்டிகளின் பார்வை நிறமிகளும்

முன்னுரை

காளை சிவப்பைக் கண்டு சீறும் என்பது பரவலான நம்பிக்கை. அதனை மறுப்போர் 'மாடு நிறக்குருடு' என்று விடை தருவர். ஒரு பிழையைத் திருத்த வந்த சொல் மற்றொரு பிழையை நிலைநிறுத்துகிறது. கேட்பவர் மனத்தில் எஞ்சுவது கறுப்பு வெள்ளை உலகில் வாழும் விலங்கு. பார்வை நிறமிகளின் புரத அமைப்பை முன்வைத்து, நீலகிரிப் பாலூட்டிகளின்வழி அச்சொல்லின் பொருத்தத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

புரதம் உணர்த்துவது

ஆப்சின் என்னும் புரதமும் அதனுள் பிணைந்த ரெட்டினால் என்னும் மூலக்கூறும் சேர்ந்ததே பார்வை நிறமி. பாலூட்டிகள் அனைத்திலும் ரெட்டினால் ஒன்றே. ஆகவே எந்த அலைநீள ஒளி மிகுதியாக உட்கவரப்படும் என்பதை ஆப்சினே முடிவு செய்கிறது. மாட்டின் ரோடாப்சின் படிக அமைப்பு 2000ஆம் ஆண்டு வெளியானபோது, ஏழு சுருள்களுக்கு நடுவே ரெட்டினால் அமைந்திருப்பது தெளிவாகப் புலப்பட்டது.

மனிதரின் சிவப்பு, பச்சை ஆப்சின்கள் ஒவ்வொன்றும் 364 அமினோ அமிலங்கள் கொண்டவை. அவற்றுள் ஏறத்தாழ 15 மட்டுமே வேறுபடுகின்றன. இரண்டின் உட்கவர் உச்சங்களுக்கு இடையே ஏறத்தாழ 30 நானோமீட்டர் இடைவெளி உண்டு. அதன் பெரும்பகுதிக்கு 180, 277, 285 ஆகிய மூன்று இடங்களின் மாற்றமே காரணம். எனவே புரதங்கள் எத்தனை விழுக்காடு ஒத்துள்ளன என்பதைவிட, எந்த இடங்களில் வேறுபடுகின்றன என்பதே முதன்மையானது.

நீலகிரிச் சான்று

மாடு, வெள்ளாடு, செம்மறியாடு ஆகியவற்றின் கூம்பு நிறமிகளை அளந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. மூன்றிலும் இரண்டு கூம்பு நிறமிகள் இருந்தன. அவற்றின் உச்சங்கள் ஏறத்தாழ 445-450, 552-555 நானோமீட்டர் அளவில் அமைந்தன. முக்குருத்தியின் வரையாடு வெள்ளாட்டுக்கும், குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் மேயும் காட்டெருது மாட்டுக்கும் உறவுடையவை. இருநிறமி அமைப்பை இவற்றுக்கும் கருதுவது பொருந்தும். எண்களை அப்படியே ஏற்றுரைப்பது பொருந்தாது. ஓர் அமினோ அமிலத்தின் மாற்றமே உச்சத்தைப் பல நானோமீட்டர் நகர்த்தக்கூடும்.

இவ்வமைப்புடைய கண், குறிஞ்சிப் பூவின் நீலத்தைப் பசும்புல்லிலிருந்து நிறத்தால் பிரித்தறியக்கூடும். சோலைக்காட்டின் செந்தளிரைப் பச்சையிலையிலிருந்து நிறத்தால் மட்டும் பிரிப்பது அதற்கு அரிது. முதுமலையில் புலியின் செம்மஞ்சள் உடல் மான்களின் கண்ணுக்குப் பசுமையோடு கலந்துவிடுவதும் இதனாலேயே. அதே சோலையில் வாழும் கருமந்தி, மனிதரைப் போன்று மூன்று நிறமிகள் கொண்ட குரங்கினத் தொகுதியைச் சேர்ந்தது. செந்தளிரைக் கண்டறியும் தேவையே அத்தொகுதியில் மூன்றாம் நிறமியை நிலைபெறச் செய்தது என்னும் கருதுகோளும் உண்டு.

சொல்லின் குறை

மனிதரிடம் 'நிறக்குருடு' என்பது இனத்தின் பொது நிலையிலிருந்து விலகிய ஒரு குறையைச் சுட்டுகிறது. ஆட்டிலும் மாட்டிலும் இரண்டு நிறமிகளே பொது நிலை. முதுகெலும்பிகளின் மூதாதையரிடம் நான்கு வகைக் கூம்பு ஆப்சின்கள் இருந்தன. பெரும்பாலான பாலூட்டிகளில் எஞ்சியவை இரண்டு. பகற்பறவைகள் பலவும் நான்கையும் காத்து வருகின்றன. அவற்றை அளவாகக் கொண்டால் மனிதரும் நிறக்குருடரே ஆவர்.

முடிவுரை

ஆப்சின் ஒப்பீடு ஒரு கண் எவ்வொளிகளை வேறுபடுத்த இயலும் என்பதைக் காட்டுகிறது. விலங்கு எதை உணர்கிறது என்பதை முழுமையாகக் கூறுவதில்லை. அதற்கு நடத்தைச் சோதனை வேண்டும். 'நிறக்குருடு' என்னும் சொல்லோ இவ்விரண்டையும் ஆராயாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. அதற்கு மாற்றாக 'இருநிறமிப் பார்வை', 'முந்நிறமிப் பார்வை' என வழங்கின், மனிதக் கண்ணை அளவுகோலாக்கும் பிழை தமிழ் அறிவியல் எழுத்திலிருந்து நீங்கும்.