மூன்றாம் பெட்டி, ஐந்தாம் சுருள்

எங்கள் பெரியத்தாவுக்கு எழுபது தாண்டிய பிறகு ஒருநாள் பரணில் அந்த கேசட் கிடைத்தது. சவூதியில் வேலை பார்த்த காலத்தில் அவர் வீட்டுக்குப் பேசி அனுப்பியது. பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டோம். குரல் வந்ததும் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டார். வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. இடது கை பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. “யாரு பேசுறது?” என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

சாமுவேல் பெக்கெட்டின் ‘கிராப்பின் கடைசி நாடா’வை நான் புரிந்துகொண்டது எங்கள் ஊர் வீரசோழனில், அந்தப் பாயின் ஓரத்தில்தான். 1958 அக்டோபரில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறிய நாடகம். வானொலியில் நடிகர் பேட்ரிக் மகீயின் குரலைக் கேட்டு, அந்தக் குரலுக்காகவே பெக்கெட் எழுதியது. கதை சிறியது. அறுபத்தொன்பதாவது பிறந்தநாளில் கிராப் என்ற கிழவன் மூன்றாம் பெட்டியிலிருந்து ஐந்தாம் சுருளை எடுத்து, முப்பத்தொன்பது வயதில் தான் பேசியதைக் கேட்கிறான். டேப் ரெக்கார்டர் அப்போது புதுச்சாமான். முப்பது வருஷத்துப் பழைய நாடா யாரிடமும் இருக்க வழியில்லை. அதனால் பெக்கெட் கதையை வருங்காலத்தில் ஒரு ராத்திரியில் வைத்துவிட்டார்.

இந்த நாடகத்தில் நடிகனுக்குப் பாதி வேலை காதில். பேசுவது நாடா, மேடையில் இருப்பவன் கேட்கிறான். இருபதுகளில் தான் செய்த சபதங்களை நாடாவில் இருப்பவன் நக்கலடிக்கும்போது கிழவனும் கூடவே சிரிக்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அவன் தனியாகச் சிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு சிரிப்புக்கும் இடையில்தான் முதுமை தெரிகிறது. கை நடுக்கத்தில் அது தெரியாது.

நம்ம ஊர் மேடையில் முதுமை என்றாலே நடுக்கம்தான். பொங்கல் வைத்து நாடகம் போட்டால் ‘வள்ளி திருமணம்’. ஆர்மோனியம், பபூன், விடிய விடியத் தர்க்கம். அதில் முருகன் விருத்தனாக வருவார். கம்பை ஊன்றி, இருமி, தள்ளாடி வள்ளியிடம் தண்ணீர் கேட்பார். கூட்டம் கைதட்டும். அது வேஷம். போட்ட கிழத்தனத்தை அவர் கழற்றி வைத்துவிடலாம். கிராப்பால் அது முடியாது. விருத்தனாக நடித்துப் பழகிய நடிகர் கிராப்பாக வந்தால் முதல் நாள் ஒத்திகையிலேயே அந்தக் கம்பைப் பிடுங்கிவிட வேண்டும்.

2006இல் நாடகாசிரியர் ஹரால்ட் பின்ட்டர் கிராப்பாக நடித்ததைப் பற்றிப் படித்தபோது இது எனக்கு உறுதியானது. புற்றுநோயில் நலிந்திருந்தவர், மின்சாரச் சக்கர நாற்காலியில் வந்தார். வாழைப்பழத்தோல் சறுக்கல் போன்ற கோமாளித்தனத்தை எடுத்துவிட்டார்கள். ராயல் கோர்ட்டின் மாடியிலுள்ள சின்ன அரங்கில்தான் போட்டார்கள். பெக்கெட்டே 1969இல் பெர்லினில் மார்ட்டின் ஹெல்டை இயக்கியபோது, கிழவனைத் தோளுக்குப் பின்னால் இருட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அங்கே நிற்பது சாவு. அந்தப் பார்வை பத்தடியில் இருப்பவருக்குத்தான் புலப்படும். திடலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போட்டால் செத்துப்போகும்.

தமிழில் அபத்த நாடகம் புதிதில்லை, ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ எப்போதோ வந்துவிட்டது. ஆனால் ‘கிராப்பின் கடைசி நாடா’வை வீரசோழனில் போட வேண்டுமென்றால் ஒரு வீட்டு முற்றம், ஒரே ஒரு பல்பு, முப்பது பேர். அதற்கு மேல் ஆள் சேர்க்கக் கூடாது. கிழவன் குடிக்க எழுந்து போகும் இருட்டு, நிஜ இருட்டாக இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் நான் சண்டை போடும் இடம் ஒன்று உண்டு. அம்மாவின் நெடிய விதவைக் காலத்தைச் சொல்ல முப்பத்தொன்பது வயதுக்காரன் ஓர் அரிய சொல்லைப் போடுகிறான். அறுபத்தொன்பதில் அவனுக்கே அதற்கு அர்த்தம் தெரியவில்லை. நாடாவை நிறுத்திவிட்டு அகராதியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அங்கே ‘விதவைக் கோலம்’ என்று போட்டால் எல்லாம் போச்சு. ‘கைம்மை’ என்று இருக்க வேண்டும். புறநானூறு படித்த வயதில் வாயில் வந்த சொல், இப்போது யாரோ ஒருத்தருடைய சொல்லாகிவிட்டது. விரலை எச்சில் தொட்டு, ‘கை’ வரிசையில் அவன் தேடும் நேரத்தை அவசரப்படுத்தவே கூடாது.

நாடாவில் வரும் அந்த இளைய குரலுக்காக ஸ்டீபன் ரே என்ற ஐரிஷ் நடிகர் ஒரு காரியம் செய்தார். எப்போதாவது கிராப்பாக நடிக்க வாய்க்கும் என்ற நம்பிக்கையில் நாடாப் பகுதியை முன்கூட்டியே பேசிப் பதிந்து வைத்தார். ஏறத்தாழ பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024இல் டப்ளினில், தன்னுடைய அந்தப் பழைய குரலையே மேடையில் உட்கார்ந்து கேட்டார். குரலை இளமையாக்க எந்த ஒலித்தந்திரமும் வேண்டியிருக்கவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் நாற்பதை நெருங்கும் நாடகக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே செல்போனில் பேசிப் பதிந்து வையுங்கள். நம்ம ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். பேசும்போது ஃபேனை நிறுத்த வேண்டாம். தெருவில் ஆட்டுக்காரர் கூப்பிட்டுப் போனால் போகட்டும். முப்பது வருஷம் கழித்துக் கேட்கப்போகிறவருக்கு அந்தச் சத்தமும் வேண்டும்.