ஒரு சோறு பதம்: ஐபீரியப் பந்தியில் குடும்ப விருந்து

ஸ்பெயினின் வலென்சியா நகருக்குத் தெற்கே அல்புஃபேரா என்றொரு ஏரி. ஏரியைச் சுற்றி நெல் வயல். வயலுக்கு நடுவே எல் பால்மார் என்ற சிற்றூர். அங்கே தெருவுக்குத் தெரு சோற்றுக் கடைதான். ஒரு ஞாயிறு மதியத்துக்கு ஏழு பேருக்கு இடம் பிடித்துவைக்கப் போன் செய்தேன். பெயரைக் கேட்ட கையோடு அந்த அம்மாள் கேட்டார்: "என்ன சோறு? எத்தனை பேருக்கு?" நாங்கள் சாப்பிடப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டதுமே சரியான கடையைப் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியானேன்.

ஸ்பெயினுக்கோ போர்ச்சுகலுக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் "எந்தக் கடையில் சாப்பிடலாம்?" என்று கேட்பார்கள். கடைப் பெயரைச் சொல்வதில் பயனில்லை. அடுப்படியில் ஆள் மாறினால் ருசியும் மாறிவிடும். சோற்றைப் பார்த்துச் சமையலை எடைபோடும் பழக்கம் நமக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதை அந்த நாடுகளுக்கும் எடுத்துப் போகலாம். மூர்கள் என்ற முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் அங்கே வேரூன்றிய பயிர் நெல். அரிசியைக் குறிக்கும் 'அர்ரோஸ்' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான். அதன்பின் ஊருக்கு ஒரு பக்குவம், பக்குவத்துக்கு ஒரு பாத்திரம் என்று அந்த மரபு கிளை விட்டது.

முதல் கிளை வலென்சியாவின் பாயேயா. அது முதலில் பாத்திரத்தின் பெயர்: இரண்டு காது வைத்த, ஆழமில்லாத, அகன்ற இரும்புச் சட்டி. இரண்டு பேருக்கு ஒரு சட்டி, எட்டுப் பேருக்கு இன்னும் அகலமான சட்டி. ஆள் கூடினால் அகலம் கூடுமே தவிர ஆழம் கூடாது. சோறு விரற்கடை உயரத்துக்கு மேல் நின்றால் அது பாயேயா இல்லை என்பார்கள். கோழி, முயல், பட்டையான பச்சை அவரை, கர்ரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. அவ்வளவுதான் அசல் வலென்சியச் சரக்கு. சோரீசோ தொத்திறைச்சியைப் போட்டு அதைப் பாயேயா என்றால் அந்த ஊர்க்காரர்கள் உண்மையாகவே கோபித்துக்கொள்கிறார்கள். 2021-இல் வலென்சிய அரசு பாயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்தது. பக்கத்து ஊரான சுவேக்காவில் 1961 முதல் பாயேயாவுக்கென்றே போட்டி நடக்கிறது.

அன்று எங்கள் சட்டி வந்ததும் முதலில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் மேசை நடுவில் வைத்தார்கள். அடியில் மூட்டியது ஆரஞ்சு விறகு என்பதால் லேசான புகை மணம். அரிசியைப் போட்டபின் கிண்டுவதே கிடையாது. பதினெட்டு, இருபது நிமிடம் தீயை ஏற்றி இறக்குவதிலேயே பக்குவம் முழுவதும் இருக்கிறது. தனித்தனித் தட்டு வேண்டாம் என்று மரக்கரண்டிகளை எடுத்துக்கொண்டோம். அவரவர் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட்டுக்கொண்டு போவதுதான் முறை; பக்கத்து ஆளின் எல்லைக்குள் கரண்டி போகக் கூடாது. மேலே பருக்கை தனித்தனியாக நின்றது, ஆனால் வறண்டிருக்கவில்லை. சட்டி பாதி காலியானபோது எங்கள் பெரியம்மா அடியைச் சுரண்டினார். பொன்பழுப்பில் மெல்லிய தகடாக ஒன்று பெயர்ந்து வந்தது. வாயில் போட்டதும், "அடியே, இது நம்ம காந்தல்!" என்றார். அவர்கள் அதைச் சொகர்ராத் என்கிறார்கள். கருகினால் கசக்கும், காந்தியிருந்தால் கொழுப்பும் சாறும் சேர்ந்து இனிக்கும். ஏழு பேரும் சேர்ந்து அந்தச் சட்டியைப் பளபளவென்று ஆக்கிவிட்டோம்.

பாயேயா வீட்டோடு சேர்ந்து உண்ணும் மதியச் சாப்பாடு. இரவில் வயிற்றுக்குப் பாரம் என்று உள்ளூர்க்காரர்கள் தொடமாட்டார்கள். குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள். தாளிதம், இறைச்சி வதக்கல், சாறு கொதி எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பாயேயா வந்தால் அது எப்போதோ வெந்தது. எனக்கு அந்த அனுபவம் உண்டு. கடற்கரைப் பெருந்தெரு ஒன்றில் நிழற்படப் பலகை வைத்திருந்த கடையில், பசித்த பிள்ளைகளுக்காக அவசரப்பட்டு உட்கார்ந்தோம். வந்த சோறு ஓரத்தில் கொதித்தது, நடுவில் குளிர்ந்திருந்தது. மஞ்சள் நிறம் விரலில் ஒட்டியது. குங்குமப்பூவின் வாசம் மருந்துக்கும் இல்லை. அதே படப் பலகையைப் பக்கத்துக் கடைகள் இரண்டிலும் பிறகுதான் கவனித்தேன்.

வலென்சியாவை விட்டுத் தெற்கே போனால் பக்குவம் மாறுகிறது. அலிகாந்தே கடற்கரையில் மீனை வேகவைத்த சாற்றில் சோறு ஆக்கி, மீனைத் தனியாகவும் சோற்றைத் தனியாகவும் பரிமாறுகிறார்கள். மீனவர் சமையல் அது. எல்ச்சேயில் சோற்றின்மேல் முட்டையை ஊற்றி வெதுப்படுப்பில் வைத்து மேலோடு கட்டவைக்கிறார்கள். காந்தியாவில் அரிசிக்குப் பதில் சேமியா. முர்சியாவின் கலஸ்பார்ரா அரிசி 1986-லேயே பிறப்பிடச் சான்று பெற்றது. நல்ல கடைக்காரர் தன் அரிசியின் ரகத்தைச் சொல்லத் தயங்கமாட்டார். பொம்பா ரகம் சாற்றை நிறையக் குடித்தும் உடையாது. சேனியா சுவையை இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் ஓரிரு நிமிடம் தவறினால் குழைந்துவிடும். சேனியாவில் துணிந்து சமைக்கிற கையை நான் ஒரு படி மேலாகவே மதிக்கிறேன்.

ஸ்பெயின்காரர்கள் சோற்றை மூன்றாகப் பிரிப்பார்கள்: உலர்ந்தது, தளர்ந்தது, சாறோடு நிற்பது. பட்டியலில் இந்த மூன்றையும் பிரித்து எழுதியிருக்கும் கடைக்குத் தைரியமாகப் போகலாம். பல் இல்லாத தாத்தாவுக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் சாறு நிற்கும் சோறுதான் ஏற்றது.

சாறு நிற்கும் அந்தச் சோற்றிலிருந்து போர்ச்சுகலுக்குப் போவது எளிது. அங்கே காந்தலுக்கு இடமில்லை. கரோலினு என்ற அரிசியைக் குழம்பு ஓட ஓட ஆக்கி, அடுப்பிலிருந்த பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டுவருவார்கள். 'மலன்ட்ரீன்யு' என்று அதற்குப் பெயர். குறும்புக்காரச் சோறு என்று பொருள். ஒரு இடத்தில் நில்லாமல் ஓடுவதால் அப்படி. கடலுணவுச் சோற்றின் மூடியைத் திறந்தால் முதலில் வருவது பச்சைக் கொத்தமல்லி வாசம். ஸ்பெயினில் பெரும்பாலும் அந்த இலையைக் கண்ணில் காண முடியாது. போர்ச்சுகலில், அதுவும் அலென்தேஜூ பக்கம், ரொட்டிக் கஞ்சி போன்ற அசோர்தாவிலும் மட்டியிலும் அதுதான் முதல் மணம். வாத்துச் சோறு, தக்காளிச் சோறு, கோழி இரத்தமும் வினிகரும் சேர்த்த கபிதேலா என்று வகை பல. ஐரோப்பாவிலேயே ஆளுக்கு அதிகமாகச் சோறு உண்பவர்கள் போர்த்துகீசியர்தான்.

போர்த்துகீசியக் கடையில் நமக்கு அந்நியம் குறைவு. மேசையும் ஜன்னலும் அலமாரியும் சாவியும் அவர்கள் பேச்சிலிருந்து நம் பேச்சுக்கு வந்தவை. ஈழத்துப் பாணும் அப்படித்தான். கடை வகையைப் பெயரிலேயே சொல்லிவிடுவார்கள்: தாஷ்கா என்றால் சின்னச் சாப்பாட்டுக் கடை, மரிஷ்கேய்ரா என்றால் கடலுணவு, ஷுர்ராஷ்கேய்ரா என்றால் கரியடுப்பில் சுட்ட கோழி. பிள்ளைகள் அதிகமென்றால் கடைசியதற்குப் போங்கள். பிரி பிரி மிளகாய் எண்ணெயைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அளவும் இரண்டு உண்டு. முழு 'டோஸ்' பெரும்பாலும் இருவர் வயிறு நிரப்பும், பாதி ஒருவருக்குப் போதும். இது தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லி, பாதியை மிச்சம் வைத்த குடும்பங்கள் பல. கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாற்கட்டி வந்து உட்காரும். தொட்டால் காசு, வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம். கேட்காத உணவுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பக்கல்யாவ் என்ற உப்புக் கருவாட்டுக் காட் மீன் அவர்களின் கிறிஸ்துமஸ் முந்திய இரவு உணவு. முதன்முறை சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்குச் சீவலும் முட்டையும் சேர்த்துக் கிளறிய 'ப்ராஷ்' வகையில் தொடங்கலாம்.

ஸ்பெயினில் சோறு தவிர்த்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்க் நாட்டின் சான் செபாஸ்டியனில் பின்ச்சோ கடைகள் அற்புதமானவை. ஆனால் நின்றுகொண்டு, கடைக்குக் கடை நகர்ந்து தின்ன வேண்டும். முழங்கால் வலி உள்ளவரோடு போகாதீர்கள். செகோவியாவின் பன்றிக்குட்டி வறுவலைத் தட்டின் விளிம்பால் வெட்டிக் காட்டுவார்கள், அத்தனை மென்மை. மத்ரீதில் 1725-இல் தொடங்கிய போத்தின், உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. அங்கும் விறகடுப்பு வறுவல்தான் பேர்போனது. கலீசியாவின் ஆக்டோபஸ் மரத்தட்டில் வரும்.

சைவம் உண்பவர் உடனிருந்தால் கவனம் வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் உப்புப் பதப் பன்றி இறைச்சி சீவலாக வந்து விழும். அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கலவைச் சாலடில் சூரை மீன் இருக்கும். காய்கறிச் சோறும் எலும்புச் சாற்றில் வெந்திருக்கக்கூடும். ஸ்பெயினில் "சின் ஹமோன், சின் அத்தூன்" (அந்தப் பன்றி இறைச்சி இல்லாமல், சூரை இல்லாமல்) என்று சொல்லி, சாறு எதில் வைத்தது என்றும் கேளுங்கள். சேவீயாவின் கீரையும் கொண்டைக்கடலையும் சீரக மணத்தோடு நம் நாக்குக்கு இணங்கும். முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு அடை. போர்ச்சுகலில் 'தோட்டத்துக் குட்டி மீன்' என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பச்சை அவரையை மாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜி.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். குழந்தைகளோடு போகிறவர்கள் மதியத்தையே விருந்தாக வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு பகல் இரண்டரைக்கு உள்ளே எட்டிப் பாருங்கள். பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், அடுத்த மேசையை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம்.

போர்ச்சுகலில் கடைசியாக அர்ரோஷ் தோஸ் என்ற பால் சோறு கேளுங்கள். எலுமிச்சைத் தோல் மணக்கும் அந்தத் தட்டின்மேல் இலவங்கப்பட்டைத் தூளை விரலால் கிள்ளிக் கிள்ளிக் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டிருப்பார்கள். கடைசியாக நாங்கள் போன தாஷ்காவில், கோடுகள் கொஞ்சம் கோணலாக இருந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பழுப்பேறிய கையோடு அடுப்படியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, சோறு போதுமா என்று கேட்டார்.