ஐந்து தோட்டா தீர்ந்த பிறகு: எந்த லோடர் கைகொடுக்கும்?

அமெரிக்காவில் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய ரிவால்வர்களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'ஜே ஃபிரேம்' பெயர்பெற்றது. .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்துதான் கொள்ளும். மறுபடி நிரப்பும் வேகம் உயிர் சம்பந்தப்பட்டது. 1970-இல் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் கொல்லப்பட்ட நான்கு நெடுஞ்சாலைக் காவலர்களில் ஒருவர், தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் சுடப்பட்டார்.

தோட்டாக்களை விரைவாக நிரப்ப இன்று கிடைக்கும் லோடர் சாதனங்களை வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களோடு பரிசோதித்தேன்.

ஹெச்கேஎஸ் ஸ்பீட் லோடர்: தோட்டாக்களை வட்டமாகப் பிடித்திருக்கும், சிலிண்டரில் நுழைத்துக் குமிழைத் திருகினால் விடும். உறுதியானது. ஆனால் திருகும்போது லோடரே சேர்ந்து சுற்றப் பார்க்கிறது.

சஃபாரிலேண்ட் காம்ப் 1: திருக வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். வேகத்தில் ஹெச்கேஎஸ்ஸை முந்துகிறது. ஆனால் இரண்டுமே பேன்ட் பாக்கெட்டில் புடைத்துத் தெரியும். ரிவால்வரின் கைப்பிடி தடிமனாக இருந்தால் இடப்பக்கம் இடிக்கவும் செய்யும்.

பியாங்கி ஸ்பீட் ஸ்ட்ரிப்: தட்டையான வளையும் பட்டை. ஜீன்ஸின் சில்லறைப் பாக்கெட்டிலேயே அடங்கிவிடும். இரண்டிரண்டு தோட்டாக்களாக நுழைத்து, பட்டையைப் பக்கவாட்டில் உரித்தெடுக்க வேண்டும். ஆறு இடத்தில் ஐந்தை மட்டும் நிரப்பினால், காலி இடம் விரலுக்குப் பிடியாகிறது. வேகம் குறைவுதான்.

மூன் கிளிப்: எல்லாத் தோட்டாக்களையும் கவ்வும் மெல்லிய எஃகுத் தகடு. அப்படியே உள்ளே போகும், அப்படியே வெளியே வரும். துப்பாக்கி சுடும் வீரர் ஜெர்ரி மிக்யூலெக் 1999-இல் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டு 2.99 விநாடியில் முடித்தது இதை வைத்துத்தான். ஆனால் 9 எம்எம் ரூகர் எல்சிஆர் போல, இதற்கென்றே அமைந்த சிலிண்டர் வேண்டும். தகடு சற்று வளைந்தாலும் சிலிண்டர் சுழலாமல் சிக்கும். வெறும் பாக்கெட்டில் போடக் கூடாது.

எதை வாங்கினாலும், முதலில் பழக வேண்டியது காலிக் கூடுகளை வெளியேற்றுவது. குட்டைக் குழல் ரிவால்வரில் கூடுகளை வெளியேற்றும் தள்ளுகம்பியும் குட்டை. சுட்ட கூடுகள் விரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, தள்ளுகம்பியை உள்ளங்கையால் ஓங்கி ஒரே தட்டு தட்ட வேண்டும். மெதுவாக அழுத்தினால் ஒரு கூடு, கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அதை நகத்தால் நெம்பி எடுக்கும்வரை எந்த லோடரும் உதவாது.

என் தேர்வு: பாக்கெட்டுக்கு ஸ்பீட் ஸ்ட்ரிப். சட்டை மறைவில் இடுப்புப் பெல்ட்டில் செருகிக்கொள்ள முடிந்தவர்களுக்கு காம்ப் 1. புடைக்கிறதே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகும் வேகமான லோடரைவிட, தினமும் கூடவே வரும் பட்டை மேல்.